கணக்கு டீச்சர் பதில்கள்: பட்டியலில் விடுபட்ட எண்

டிசம்பர் இதழில் ராமானுஜன் பிறந்த நாளை ஒட்டி நான்கு வரி எழுதியிருந்தேன். 1915-ல் அவர் வெளியிட்ட, காரணிகள் நிறைய உள்ள எண்களின் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது, அந்த எண் 293318625600, அதற்கு 5040 காரணிகள், மற்றதை இன்னொரு நாள் பேசுவோம் என்று. நீங்கள் இன்னொரு நாளுக்குக் காத்திருக்கவில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

படிக்கத் தடுமாறியதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் பயம் போய்விடும்.

*

"டீச்சர், '2520, ராமானுஜன் கண்டுபிடித்த அதிசய எண்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் வகுபடுமாம். வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 12 மாதம், மூன்றையும் பெருக்கினால் 2520 வருமாம். நீங்கள் எழுதிய எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"
வாசகி, பண்ருட்டி

சம்பந்தம் உண்டு அம்மா. ஆனால் அந்தச் செய்தியில் இருப்பது அல்ல.

2520 என்பது 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும், அது உண்மை. 7, 30, 12 பெருக்கினால் 2520 வரும், அதுவும் உண்மை. ஆனால் இதை ராமானுஜன் கண்டுபிடித்தார் என்பது உண்மை இல்லை. ஆறாம் வகுப்பில் மீ.சி.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு என்று படிக்கிறோமே, அதுதான் இது. 8, 9, 5, 7 நான்கையும் பெருக்கிப் பாருங்கள். 72, 360, 2520. முடிந்தது. 7, 30, 12-லும் உடைத்துப் பார்த்தால் அதே சரக்குதான் இருக்கிறது: மூன்று 2, இரண்டு 3, ஒரு 5, ஒரு 7. உலகத்தில் எத்தனையோ பேர் ராமானுஜனுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இதைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

அந்தச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். அவர் செய்யாத ஒரு சின்னக் கணக்கை அவர் பெயரில் எழுதிவிட்டு, அதே எண்ணை வைத்து அவர் உண்மையிலேயே செய்த பெரிய வேலையை யாரும் அனுப்புவதில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. அடுத்து 24-க்கு எட்டு, அதற்குக் கீழே யாருக்கும் எட்டு இல்லை. 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லோரையும்விட அதிகக் காரணிகள் வைத்திருக்கும் எண்ணுக்கு உயர் பகு எண் என்று பெயர். பகா எண்ணுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்பவை இவை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, 24 மணி, வட்டத்துக்கு 360 பாகை என்று பழைய ஆட்கள் வைத்ததெல்லாம் இந்த வகை எண்களைத்தான். எப்படிப் பங்கு போட்டாலும் மிச்சம் வராமல் பிரியும் அல்லவா?

2520-ம் அப்படி ஓர் எண். அதற்கு 48 காரணிகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் 48 இல்லை. ராமானுஜன் செய்தது என்னவென்றால், இப்படிப்பட்ட எண்கள் எந்த வடிவத்தில் இருக்கும், எவ்வளவு இடைவெளியில் வரும் என்று ஆராய்ந்து, 13 இலக்கம் வரைக்கும் பட்டியல் போட்டார். நூற்றுக்கும் மேலே. கையால்.

விடுபட்ட எண்ணுக்குள் உங்கள் 2520 ஒளிந்திருக்கிறது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. 2520-ஐ 2520-ஆல் பெருக்கினால் 6350400. அதோடு 11, 13, 17, 19 நான்கையும் பெருக்குங்கள். 69854400, 908107200, 15437822400, கடைசியில் 293318625600. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமானால் இதை அனுப்புங்கள்.

*

"டீச்சர், 5040 காரணிகளையும் எழுதி எண்ணினீர்களா? எங்கள் மிஸ் 36-க்கு எழுதச் சொன்னாலே எனக்கு ஒன்று விட்டுப்போகிறது."
ஒன்பதாம் வகுப்பு மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

எழுதவில்லை கண்ணு. எழுதாமல் எண்ணினேன். எங்கே, எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அப்போதுதான் உனக்கு மறக்காது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. வீட்டில் பெரியவர்களைக் கேள், சொல்வார்கள். விடிந்து வெளியே வந்தால் தெருவில் நின்ற மரம் ஒன்றும் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரித் தோப்பும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குப் பதின்மூன்று நாள் மின்சாரம் வரவில்லை. நான் அப்போது வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடமும் திறக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை, ஆறாவது படித்தவள், பொழுது போகவில்லை என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால் முறத்தைப் போட்டு உட்கார்ந்துகொள்வோம்.

அந்த முறத்தில்தான் 293318625600-ஐப் பரப்பினேன். பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து புளியங்கொட்டை ஆறு. அவை ஆறும் 2. சோழி நான்கு, அவை 3. குன்றிமணி இரண்டு, அவை 5. வேப்பங்கொட்டை இரண்டு, அவை 7. அப்புறம் 11-க்கு ஒரு பட்டன், 13-க்கு ஓர் ஊக்கு, 17-க்கு அந்த வருடம்தான் செல்லாமல் போயிருந்த ஒரு நாலணா, 19-க்குச் சில்வர் பீச்சில் பொறுக்கிய ஒரு கிளிஞ்சல். முறத்தில் உள்ள எல்லாவற்றையும் பெருக்கினால் நம் எண்.

"இதிலிருந்து உனக்கு இஷ்டமானதை அள்ளிக்கோ" என்றேன். இரண்டு புளியங்கொட்டையும் ஒரு சோழியும் எடுத்தாள். 2, 2, 3. பெருக்கினால் 12. 12 ஒரு காரணி. திருப்பிப் போட்டுவிட்டு ஒரு வேப்பங்கொட்டையும் நாலணாவும் எடுத்தாள். 7-ம் 17-ம், 119. அதுவும் காரணி. எப்படி அள்ளினாலும் ஒரு காரணி. ஒரே காரணி இரண்டு விதமாக வராது. அப்படியானால் காரணிகளை எண்ண வேண்டாம், எத்தனை விதமாக அள்ளலாம் என்று எண்ணினால் போதும்.

அதுக்கு அவள் கேட்டாள்: "ஒண்ணுமே எடுக்கலைன்னா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அன்றைக்கு அவளுக்கு இரண்டு அதிரசம் கொடுத்தேன். ஒன்றும் எடுக்காமல் விட்டால் அதுதான் 1. அதுவும் ஒரு காரணி. உனக்கு 36-ல் விட்டுப்போவது பெரும்பாலும் 1 ஆகவோ 36 ஆகவோதான் இருக்கும், சரியா? பார்த்துக்கொள்.

இப்போது கணக்கு. புளியங்கொட்டையில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இப்படியே ஆறு வரைக்கும். ஏழு வழி. சோழியில் ஐந்து வழி. குன்றிமணியில் மூன்று, வேப்பங்கொட்டையில் மூன்று. மீதி நான்கிலும் எடுக்கிறது, விடுகிறது என்று இரண்டிரண்டு வழி. பெருக்கிக்கொண்டே வா: 7, 35, 105, 315, 630, 1260, 2520, 5040. நடுவில் 2520 எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது பார்.

உன் 36-க்கு இரண்டு புளியங்கொட்டை, இரண்டு சோழி. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. ஒன்பது என்று முதலில் தெரிந்துகொண்டு எழுத உட்கார். எட்டோடு நின்றால் ஒன்றைத் தேடு.

இன்னொன்றும் கவனி. எண்ணிக்கை 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டே போகிறது. புளியங்கொட்டை நான்கும் சோழி ஆறுமாக மாற்றி வைத்தால் என்ன ஆகும்? அள்ளும் வழி அதே 5040தான். ஆனால் இரண்டு 2-க்குப் பதில் இரண்டு 3 வந்துவிடுவதால் எண் பெரிதாகிவிடும். சின்ன எண்ணிலேயே அந்த வேலை நடக்கும்போது பெரியது எதற்கு? அதனால் உயர் பகு எண்ணில் எப்போதும் 2-கள்தான் அதிகம், அப்புறம் 3-கள், இப்படி ஏறாமல்தான் போகும். ராமானுஜன் இன்னொன்றும் நிரூபித்தார். கடைசியில் வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் இருக்கும், இரண்டே இரண்டு எண்கள் தவிர. ஒன்று 4. இன்னொன்று உன்னுடைய 36.

*

"என் கடை கால்குலேட்டரில் 12 இலக்கம். உங்கள் எண்ணும் சரியாக 12 இலக்கம் என்பதால் தட்டிப் பார்த்தேன், 7, 11, 13 எல்லாவற்றாலும் வகுபடுகிறது. கால்குலேட்டர் இல்லாமல் இதைப் பார்க்க முடியுமா?"
மளிகைக் கடைக்காரர், மஞ்சக்குப்பம்

முடியும் தம்பி, அதுவும் பொட்டலம் மடிக்கிற நேரத்துக்குள். எண்ணைப் பின்னாலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்.

293, 318, 625, 600.

ஒன்று விட்டு ஒன்று கூட்டுங்கள். 600-ம் 318-ம் 918. 625-ம் 293-ம் 918. இரண்டு பக்கமும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்கிறது. அப்படி நின்றால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கல். ஒரே கூட்டலில் மூன்றையும் பார்த்துவிட்டீர்கள். சமமாக இல்லாவிட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 7-ஆல் வகுபடுகிறதா, 11-ஆல் வகுபடுகிறதா, 13-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும். ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு, அதனால்தான் இந்தக் கூட்டல் கழித்தல் வேலை செய்கிறது.

நான்கு துண்டையும் மொத்தமாகக் கூட்டினால் 1836. அது 27 × 68. ஆகவே எண் 27-ஆலும் வகுபடும். 999 என்பது 27-ன் மடங்கு என்பதால் வருவது இது.

மளிகைக் கடை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. உங்கள் தாத்தா காலத்துக் கணக்கில் அரைக்கால் என்றால் 8-ல் ஒரு பங்கு, மாகாணி 16-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. நம் ஊர்ப் பக்கம் முந்திரி என்றால் தோப்பில் காய்ப்பதுதான் நினைவுக்கு வரும், ஆனால் அது ஒரு பின்னத்தின் பெயரும்கூட. 293318625600-ல் ஒரு முந்திரி எவ்வளவு என்று தட்டிப் பாருங்கள். 91,66,20,705. புள்ளி விழாது. எண்ணில் இருந்த ஆறு 2-களும் அந்த 320-லேயே தீர்ந்துவிடுவதால் மிஞ்சியது ஒற்றைப்படை எண். பழைய வாய்ப்பாட்டுப் பின்னங்களில் முக்கால் தொடங்கி முந்திரி வரைக்கும் எதைக் கேட்டாலும் இந்த எண் முழுசாகக் கொடுக்கும்.

*

"ராமானுஜன் ஓர் எண்ணை விட்டுவிட்டார் என்று நீங்கள் எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. மேதையின் குறையைப் பத்திரிகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வருகிறீர்கள்?"
வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர், நெல்லிக்குப்பம்

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபத்தில் எழுதவில்லை, அவர் மேல் உள்ள பிரியத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் துறையிலிருந்தே தொடங்குகிறேன். 1910-ல் வேலை இல்லாமல் அலைந்த ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். அது அப்போது தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் நம் கடலூர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. ராமஸ்வாமி ஐயர் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். இந்த மனிதரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து அமுக்கிவிட மனசு வராமல், சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுக்காமல் ஒருவர் செய்த இவ்வளவு பெரிய உபகாரத்தை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1914-ல் கப்பல் ஏறினார். 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை வந்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தேறாதவருக்கு.

சரி, அந்த விடுபட்ட இடத்துக்கு வருவோம். பட்டியலில் அதற்கு முந்தின எண் 240940299600, காரணிகள் 4800. அதற்குப் பிந்தின எண் 321253732800, காரணிகள் 5376. நடுவில் வர வேண்டியது நம் எண், 5040. பண்டமாற்று மாதிரி பாருங்கள். முந்தின எண்ணிலிருந்து ஒரு 23-ஐக் கொடுத்துவிட்டு இரண்டு 2-ம் ஒரு 7-ம் வாங்கினால் நம் எண். நம் எண்ணிலிருந்து ஒரு 3-ம் ஒரு 7-ம் கொடுத்துவிட்டு அந்த 23-ஐத் திரும்ப வாங்கினால் அடுத்த எண். ஆக, முன்னால் நிற்பதில் 23 இருக்கிறது, பின்னால் நிற்பதிலும் 23 இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு படிக்கு மட்டும் 23 இறங்கி, மறுபடி ஏறிக்கொள்கிறது. அதற்கப்புறம் அவர் பட்டியல் முடிகிற வரைக்கும் 23 இல்லாத எண் கிடையவே கிடையாது. 23 இல்லாத கடைசி எண் இதுதான்.

புயலுக்கு அப்புறம் அந்தப் பதின்மூன்று நாளில், குழந்தை வீட்டுக்குப் போன பிறகு நான் தனியாக இதைத்தான் போட்டுப் பார்த்தேன். 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவில் போட்டிக்கு வரக்கூடிய எண்களை ஒவ்வொன்றாக எழுதி, பெருக்கி, காரணி எண்ணி, அடித்துவிட்டு, அடுத்ததற்குப் போய். ஒரு நாற்பது பக்க நோட்டு தீர்ந்துவிட்டது. இது ஒரே ஓர் இடைவெளி. அவர் இப்படி நூறு இடைவெளிகளைத் தாண்டியிருக்கிறார். எனக்கு விடை முன்கூட்டியே தெரியும், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு அந்த நோட்டை மூடும்போது அவர் ஒன்றை விட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற எல்லாவற்றையும் எப்படிப் பிடித்தார் என்றுதான் தோன்றியது.

நான் அதை எழுதியதற்குக் காரணம் என் வகுப்பறைதான். முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்தேன். ராமானுஜன் பற்றிப் பேச்சுப் போட்டி வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் நாமகிரித் தாயார் கனவில் வந்து விடை சொன்ன கதையைத்தான் பேசுவார்கள். அது அவருடைய பக்தி, அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் கடைசி வரிசைப் பிள்ளை என்ன நினைக்கிறது தெரியுமா? நமக்குக் கனவு வராது, அதனால் நமக்குக் கணக்கும் வராது. ஒரு பெண் இதை என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறாள். அவளிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன். இது ஒரு மனிதர் உட்கார்ந்து, பேனா பிடித்து, பெருக்கிப் பெருக்கிப் போட்டது. போட்டதால்தான் ஓர் இடத்தில் கண் தவறியிருக்கிறது. அவள் அந்த எண்ணைத் தன் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது உங்களுக்குச் சந்தோஷம் தரும். அவருடைய பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 293318625600. விடுபட்ட எண்ணைத் தான் போய்ச் சேர்ந்த கடைசிப் படியிலேயே சுமந்துகொண்டுதான் நிற்கிறார்.

அந்தக் கட்டுரையும் முழுசாக வரவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, லண்டன் கணிதக் கழகத்திடம் பணம் இல்லை, ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. அந்த மீதி 1997-ல்தான் வெளிவந்தது. ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஆராய்ச்சி இதழின் முதல் தொகுதியில், ழான்-லூயி நிக்கோலா, கி ரொபேன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு. எழுதியவர் இறந்து 77 வருடம் கழித்து.

அந்த ரொபேன் 1984-ல் நிரூபித்த ஒன்றில் நம் 5040 மறுபடி வருகிறது. ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு அவர் ஓர் அளவு சொன்னார். 5040-க்கு மேலே உள்ள எந்த எண்ணும் அந்த அளவைத் தாண்டவில்லை என்றால், பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதைப் பற்றி 1859-லிருந்து நிரூபிக்கப்படாமல் கிடக்கும் ரீமன் கருதுகோள் உண்மை. ஒரே ஓர் எண் தாண்டினாலும் அது பொய். அந்த அளவை எட்டிப்பிடிக்கும் எண்களில் இன்றுவரை தெரிந்த கடைசி எண் 5040. இந்தப் பாதையில் முதல் அடி எடுத்து வைத்தது, அச்சேறாமல் கிடந்த அந்தப் பக்கங்களில் ராமானுஜன். இதையும் சேர்த்துப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் ஐயா.

*

"1 முதல் எந்த எண் வரைக்கும் இது வகுபடும்?"
வாசகர், வடலூர்

22 வரைக்கும் தடையில்லாமல். 23-ல் நிற்கும், மீதி 17. 23-ஆல் பெருக்கிவிட்டால் மேலே சொன்ன 13 இலக்க எண் வந்துவிடும், மஞ்சக்குப்பம் தம்பியின் கால்குலேட்டரில் அது அடங்காது. அதற்குக் காரணிகள் 10080. ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் என்று போட்டுப் பாருங்கள், அதே எண் வரும்.

*

"இந்த எண்ணில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?"
வாசகி, பரங்கிப்பேட்டை

இதுவரைக்கும் சொல்லாத ஒன்று அம்மா. உங்களுக்காக வைத்திருந்தேன்.

293318625600-க்கு 5040 காரணிகள். அந்த 5040-ஐயே எடுத்து அதற்கு எத்தனை என்று எண்ணுங்கள். 60. அந்த 5040-ம் ஓர் உயர் பகு எண்தான். ஒரு லட்சிய நகரத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட கிரேக்க அறிஞர் பிளேட்டோ, பலவிதமாகப் பங்கு பிரிக்க வசதி என்று தேர்ந்தெடுத்தது இதே 5040-ஐத்தான். அப்புறம் 60-க்கு எத்தனை காரணி? 12. 12-க்கு? 6. 6-க்கு 4. இதுவரைக்கும் வந்தது அத்தனையும் உயர் பகு எண்கள். 4-க்கு 3.

3 பகா எண். அதற்கு 1-ம் 3-ம் மட்டும், ஆக 2. அந்த 2-க்கு 1-ம் 2-ம், மறுபடி 2. அதற்கு மேல் எத்தனை தடவை எண்ணினாலும் 2தான் வந்துகொண்டிருக்கும்.